அலிபிரி ஏற்றமும் ஹெட் கேஸ்கட்டும்

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போனால் நம்மில் பலருக்குத் திருப்பதி கட்டாயம். அலிபிரி தாண்டிக் கார் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய அம்பாசிடர் ஞாபகம் வரும்.

சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலம். திருமலைக்கு நடந்தோ டோலியிலோதான் போக வேண்டும். 1944-ல் முதல் மலைப்பாதை திறந்தார்கள். ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே. 1974-ல் இரண்டாவது பாதை வந்தது. இப்போது ஏற அது, இறங்கப் பழையது.

ஏற்றம் சுமார் 18 கி.மீ. சின்ன கியரில் இன்ஜின் திணறும், வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும். இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் பலவீனமாக இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

எண்பதுகளில் அப்பா பிடித்த வாடகைக் கார் பாதி மலையில் ஆவி கக்கி நின்றது. டிரைவர் அண்ணன் ஈரத்துண்டை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கை வெந்துவிட்டது. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. "பத்து நாளா தண்ணி குறையுது சார், சவாரிய விட மனசில்ல" என்றார்.

ஒழுகாமலே தண்ணீர் குறைவது, இனிப்பு வாடையோடு விடாத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி: இவைதான் அறிகுறிகள். முள் ஏறினால் ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கேஸ்கட் போனது போல் தெரிந்தால் ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

வங்கியில் கேஷ் குறைந்தால் காரணம் தெரியும்வரை வீட்டுக்குப் போகமாட்டோம். ரேடியேட்டரில் குறைந்தால் மட்டும் ஊற்றி மூடிவிடுகிறோம். அடுத்த முறை கார் பிடிக்கும்போது, கிளம்பும் முன்பே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள்: "அண்ணே, தண்ணி குறையுதா?"