கறவை மாட்டுக்குச் சோடாவும் ஈஸ்ட்டும் எப்போது தேவை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தை, மாசி மாதங்களில் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது: "பால் அளவு குறையவில்லை, ஆனால் சொசைட்டியில் கொழுப்பு இறங்கிவிட்டது. என்ன பொடி கொடுக்கலாம்?" பாலுக்கான விலையே கொழுப்பையும் இதரச் சத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால் இது பணப் பிரச்சினை. ஆனால் பொடி எது என்று முடிவு செய்யும் முன், தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கம் பெரும்பாலும் மக்காச்சோள மாவு, சேகோ ஆலைத் திப்பி, மீந்த சோற்றுக் கஞ்சிதான். மூன்றுமே மாவுச்சத்து.

வயிற்றுக்குள் நடப்பது

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையான பெருவயிறு கலப்பினப் பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலிலும் பசும்புல்லிலும் உள்ள நாரைச் செரித்துத் தரும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பால் கொழுப்பில் கணிசமான பங்கு உருவாகிறது. மாவுச்சத்து அதிகமானால் வயிறு புளித்துப்போகும். கார அமில நிலை 5.5-க்குக் கீழே நீண்ட நேரம் நின்றால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செயலிழந்து, கொழுப்பு குறைகிறது. சாணம் ஒரு நாள் கெட்டியாகவும் மறுநாள் இளகியும் வரும். சில மாதங்கள் கழித்துக் குளம்பு நோவும் வரலாம். அதற்கும் தீவனத்துக்கும் தொடர்பு இருப்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

இந்தப் புளிப்பை முறிக்க மாட்டிடமே மருந்து உண்டு. நன்றாக அசை போடும் மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் சோடா உப்பு இயற்கையாகவே இருக்கிறது. படுத்திருக்கும் மாட்டை ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஒரு கவளத்தை 50 முறைக்கு மேல் மென்றால் நல்லது. 40-க்குக் கீழே என்றால் நார்த் தீவனம் போதவில்லை.

முதலில் தீவனத்தைச் சரிசெய்யுங்கள்

அடர் தீவனம் உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுக் கணக்கு. 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 5.5 கிலோ வருகிறது. இதை இரண்டு வேளையில் கொட்டாமல், ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மிகாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலில் வைக்கோலோ சோளத்தட்டோ கொஞ்சம் தின்ற பிறகு அடர் தீவனம் வையுங்கள். மக்காச்சோளத்தை மாவாக அரைக்காமல் குருணையாக உடைப்பது நல்லது. திப்பியில் புரதம் மிகக் குறைவு என்பதால் கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ சேர்க்காமல் அதை மட்டும் கொடுப்பதில் பயனில்லை. பூஞ்சை பிடித்த சோளமும் திப்பியும் அறவே வேண்டாம். அதன் நஞ்சு பாலிலும் இறங்கும்.

எந்தப் பொருள், எப்போது?

கடையில் வாங்கும் பொருட்களில் முதல் செலவு தாது உப்புக் கலவைக்கே இருக்கட்டும். கறவை மாட்டுக்குத் தினமும் 50 கிராம், அதனுடன் சாதாரண உப்பு 30 கிராம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவையையும் பயன்படுத்தலாம்.

சமையல் சோடா 10 லிட்டருக்கு மேல் கறந்து, அடர் தீவனம் அதிகம் தின்னும் மாடுகளுக்குப் பலன் தரும். நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம், இரண்டாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்க வேண்டும். 3 லிட்டர் கறந்து மேய்ச்சலுக்குப் போகும் கல்வராயன் மலை மாட்டுக்கு இது வீண் செலவு. கன்று ஈனுவதற்கு முந்தைய 3 வாரங்களில் சோடா கொடுக்கவே கூடாது. ஈன்றதும் பால் காய்ச்சல் வர வாய்ப்பு அதிகமாகும்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். சூடான கஞ்சியில் கலந்தால் செத்துவிடும். பலர் செய்யும் தவறு இதுதான். பொட்டலத்தைத் தகரக் கொட்டகையின் வெயிலில் வைக்காதீர்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். மூன்று வாரம் கொடுத்தும் பாலிலோ கொழுப்பிலோ மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

குவியலில் வாய் வைத்த மாடு

இரவில் கயிறு அறுத்துக்கொண்டு களத்துச் சோளக் குவியலைத் தின்ற மாடும், மாட்டுப் பொங்கல் அன்று சோறு மிகுதியாகத் தின்ற மாடும் ஒரே ஆபத்தில் இருக்கின்றன. அன்றிரவு நலமாகத் தெரிந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தீனி எடுக்காமல், வயிறு உப்பி, புளித்த வாடையுடன் கழிந்து, தள்ளாடிப் படுத்துவிடும். எனவே அறிகுறிக்காகக் காத்திராமல் தின்றது தெரிந்த உடனேயே மருத்துவரையோ, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ அழையுங்கள். மலைக் கிராமங்களுக்கு வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால் இது இன்னும் முக்கியம். அதுவரை அடர் தீவனத்தை அகற்றி வைக்கோல் மட்டும் வையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மெல்ல நடக்க விடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் புகட்ட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

பச்சை மரவள்ளி இலையைத் தின்று சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறினால் அது சயனைடு நஞ்சு. அதற்கு ஊசி மருந்து உண்டு, ஆனால் உடனே போட வேண்டும்.

அமில நோயிலிருந்து பிழைத்த மாட்டின் வயிற்றில் நல்ல நுண்ணுயிர்கள் பெருமளவு அழிந்திருக்கும். நலமான மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து மருத்துவர் செலுத்துவது இதற்காகத்தான். ஈஸ்ட்டும் அப்போது உதவும். அசை போடத் தொடங்கிய பிறகு அடர் தீவனத்தை இரண்டு கைப்பிடியில் ஆரம்பித்து, 10 முதல் 14 நாட்களில் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.