துரோவாவில் ஒரு விடியற்காலை

“ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்.” நம் சபைகளில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்றாலும், மருத்துவமனையில் கிடக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாலும் இதைத்தான் சொல்கிறோம். தேவசித்தம் தெரியாத நேரத்தில் இதைவிட நல்ல பதில் கிடையாது. தெரிந்த பிறகும் இதையே சொல்கிறபோது ஜெபத்தின் பேரில் வாய்தா வாங்குகிறோம்.

நானும் அப்படி வாய்தா வாங்கியவன். எங்கள் சபையின் மூதாட்டி ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு நாள் காலை தியானத்தின்போது அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற உணர்த்துதல் தெளிவாக வந்தது. ஜெபக் குறிப்பேட்டில் பென்சிலால் அவர் பெயரை எழுதினேன். மூன்று வாரம் தவறாமல் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான்காம் வாரம் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தப் பென்சில் எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை உள்ளபடி வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் வழி தெரியாமல் அலைகிற அதிகாரம் அது. ஆசியா என்ற ரோம மாகாணத்தில், அதாவது எபேசு பட்டணத்தைச் சுற்றிய நாட்டில், வசனத்தைச் சொல்ல ஆவியானவர் இடம் கொடுக்கவில்லை. வடக்கே பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள். அந்த வழியும் அடைபட்டது. கடைசியில் மேற்குக் கரையில் துரோவா துறைமுகத்துக்கு வந்து நின்றார்கள். எதிரே கடல். அன்றிரவு மக்கெதோனியன் ஒருவன் உதவி கேட்டு அழைப்பதாகப் பவுல் தரிசனம் கண்டார்.

தரிசனம் கண்டவர் ஒருவர்தான். ஆனால் அதன் பொருளை முடிவு செய்தவர்கள் ‘நாங்கள்’ என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை ‘அவர்கள்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவருடைய நடை சரியாக இந்த இடத்தில் மாறுகிறது. அவர் இங்கேதான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார் என்று வேத அறிஞர் பலர் கொள்கிறார்கள். ‘நிச்சயித்துக்கொண்டு’ என்று தமிழில் நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ஒன்றோடொன்று சேர்த்து இணைப்பது என்று பொருள். சரீரத்தின் உறுப்புகள் கணுக்களால் இசைந்து பொருந்துவதைச் சொல்ல எபேசியர் நிருபத்திலும் அதே சொல் வருகிறது. அடைபட்ட இரண்டு வழிகளையும் இரவில் கண்ட தரிசனத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள்; கூடிப் பேசினார்கள்; தெளிவு வந்தது. அந்தத் தெளிவுக்குப் பிறகுதான் ‘உடனே’ என்ற சொல் வருகிறது. உடனே கீழ்ப்படிவதை அவசரப்படுவதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

உடனே அவர்கள் செய்ததும் பெரிய காரியம் ஒன்றுமல்ல. கப்பல் தேடினார்கள். துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தத் திசைக்குப் போகிறது என்று விசாரித்து, இடம் பிடித்து ஏறுவதுதான் அன்றைய கீழ்ப்படிதல். சாமோத்திராக்கே தீவுக்கு நேராக ஓடி, மறுநாளே நெயாப்போலியில் கரையேறினார்கள். இதே கடலைப் பின்னொரு முறை எதிர்த்திசையில் கடக்க ஐந்து நாள் ஆயிற்று என்று 20ஆம் அதிகாரம் சொல்கிறது. பிலிப்பியில் ஓய்வுநாளில் ஆற்றங்கரைக்குப் போனால், தரிசனத்தில் அழைத்த ஆணைக் காணோம். ஜெபிக்கக் கூடிவந்த பெண்கள்தான் இருந்தார்கள். தியத்தீரா ஊரைச் சேர்ந்த, இரத்தாம்பரம் விற்கிற லீதியாளின் இருதயம் திறந்தது. பிறகு அடியும் தொழுமரமும் வந்தன. உடனே கீழ்ப்படிந்தால் பாதை செம்மையாகிவிடும் என்று பிரசங்கிக்கிறவர்கள் பிலிப்பி சிறைச்சாலையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இன்னொரு துறைமுகமும் நினைவுக்கு வருகிறது. நினிவேக்குப் போகச் சொன்னபோது யோனா கப்பலேறி ஓடியது யோப்பாவிலிருந்து. அதே யோப்பாவில், கடலோரத்தில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மேல்மாடியில், பேதுருவுக்குத் தரிசனம் உண்டானது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை அழைத்துவரச் செசரியாவிலிருந்து கொர்நேலியு என்ற புறஜாதியார் அனுப்பிய மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். பேதுரு அந்த நிமிடமே செசரியாவுக்கு ஓடவில்லை. அவர்களை உள்ளே அழைத்து இராத் தங்க வைத்து, மறுநாள் புறப்பட்டார். ஒரு யூதர் புறஜாதியாருக்குத் தங்க இடம் கொடுத்தார் என்பதை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அவருடைய கீழ்ப்படிதல் அந்த வாசற்படியிலேயே தொடங்கிவிட்டது. சாட்சிக்கு ஆறு சகோதரர்களையும் கூட்டிக்கொண்டு போனதைப் பிற்பாடு எருசலேமில் அவரே சொல்கிறார்.

நம் மண்ணிலும் இப்படி ஒரு விடியற்காலை உண்டு. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் தந்தையும் மருத்துவ மிஷனரிகள். தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். தந்தை வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் அவர் அதற்குப் பிறகு சொன்னார்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றது 1899இல். அந்த இரவுக்கும் பட்டத்துக்கும் நடுவே கிடந்த வருடங்களைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவப் படிப்புதான் அவருக்குத் துரோவாவில் கிடைத்த கப்பல். 1900இல் வேலூர் வந்தார். தந்தையின் கீழ் இருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அதே ஆண்டு தந்தை இறந்துபோனார். மருத்துவமனைக் கட்டடம் 1902இல்தான் எழுந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் தொடங்கியது. அதுவரை காத்திருக்காமல், தனியாளாய் நின்ற அந்த 1900லேயே, பங்களாவில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு, வருகிற பெண்களைப் பார்க்கத் தொடங்கினார்.