அன்ரனா எந்தப் பக்கம்? யாழ்ப்பாணத்துக்கு வந்த சனல்களின் கதை

யாழ்ப்பாணத்தில் ரிவி வந்த கதையைச் சொல்ல முதலில் ஒரு திசைகாட்டி வேண்டும். நேர் வடக்கே கடலுக்கு அப்பால் சுமார் 380 கிலோமீற்றரில் மெட்ராஸ். மேற்கே, கொஞ்சம் வடக்குச் சரிவாக, 280 கிலோமீற்றர் போல கொடைக்கானல். தென்மேற்கே 90 கிலோமீற்றரில் இராமேஸ்வரம். தென்கிழக்கே ஏ9 வீதியோரம், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், 60 சொச்சம் கிலோமீற்றரில் கொக்காவில். தெற்கே 300 கிலோமீற்றருக்கும் அப்பால் பிதுருதலாகலை. கூரைக்கு மேல் குழாயில் குழாய் செருகி உயர்த்திக் கட்டிய அன்ரனா இந்த ஐந்தில் எதைப் பார்த்து நிற்கிறதென்று வேலிக்கு வெளியில் நின்றே சொல்லிவிடலாம். உள்ளே என்ன ஓடுகிறதென்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஐந்து இடங்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்துக்குள் இல்லை. நாங்கள் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இலங்கையின் முதல் தொலைக்காட்சியான ஐ.ரி.என் 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல்நாள், பன்னிப்பிட்டியவில் தொடங்கியது. தனியார் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன நிலையம். கொழும்பையும் அதைச் சுற்றிய இடங்களையும் தாண்டி அது போகவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்த நாட்டில் அலைவரிசையும் அரசாங்கமும் எப்படிப் பழகப் போகின்றன என்பது அந்த இரண்டு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. அதற்கென்று 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

ரூபவாஹினியின் பிரதான கோபுரம் பிதுருதலாகலையில், 2524 மீற்றர் உயரத்தில். நாட்டிலேயே உயரமான மலை என்றால் எல்லா இடத்துக்கும் தெரியும்தானே என்று தோன்றும். தெரியாது. ரிவி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை, பூமியோ வளைந்தது. அந்த உயரத்திலிருந்து கிளம்பும் அலை அடிவானத்தைத் தொடும் தூரத்தையும், 15 மீற்றர் உயரத்தில் கட்டிய வீட்டு அன்ரனாவுக்குரிய தூரத்தையும் கூட்டினால் 220 கிலோமீற்றர் அளவில் நின்றுவிடும். யாழ்ப்பாணம் அதற்கு 80 கிலோமீற்றர் வெளியே இருக்கிறது. அதனால்தான் ஆரம்பத்திலேயே கொக்காவிலில் இன்னொரு கோபுரம் தேவைப்பட்டது. கொழும்பின் படம் வடக்குக்கு வரும் வழி அந்த ஒற்றைக் கோபுரம்தான்.

ஆனால் ரூபவாஹினி பிறப்பதற்கு ஏழு வருடம் முன்னமே, 1975 ஓகஸ்ட் 15இல், மெட்ராஸில் தூரதர்ஷன் தொடங்கிவிட்டது. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களும் பெட்டிகளோடு வரத் தொடங்கினார்கள். பெட்டி வந்தால் அன்ரனா எந்தப் பக்கம் திரும்பும்? தமிழ் கேட்கிற பக்கம். கணக்குப்படி மெட்ராஸ் யாழ்ப்பாணத்துக்குத் தெரியவே கூடாது. ஆனால் காற்று அடங்கிய வெக்கை நாட்களில் கடலுக்கு மேலே சூடும் குளிருமாகக் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் அகப்பட்டு, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து வெகுதூரம் போகும். அப்படியான நாட்களில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. மற்ற நாட்களில் புள்ளிதான். கூரையில் ஒருவர் குழாயைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று செய்தி கடத்த, உள்ளேயிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... ஐயோ விட்டிட்டியள்" என்று கத்த, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' முடிந்தே போய்விடும். இதை எந்த வீட்டுப் பெரியாக்களிடம் கேட்டாலும் சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம்.

1980களின் பிற்பாதியில் மேற்குப் பக்கம் பலமானது. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து தூரதர்ஷன் வரத் தொடங்கியதும் அன்ரனாக்கள் வடக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பின, கூடவே பூஸ்ரர்களும் ஏறின. வரைபடத்தில் அளந்து பார்த்தால் ஒரு விசயம் பிடிபடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொடைக்கானலும் பிதுருதலாகலையும் ஏறக்குறைய ஒரே தூரம், இன்னும் சொன்னால் கொடைக்கானல்தான் கொஞ்சம் கிட்ட. இரண்டு நாடுகளின் இரண்டு மலைகளுக்கும் நடுவில் எங்கள் ஊர்.

இதில் தொழில்நுட்பமும் ஒத்துழைத்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே 'பால்' முறையைத்தான் எடுத்துக்கொண்டன. வேறு வேறு முறையை எடுத்திருந்தால் அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்டியில் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்திருக்க முடியாது. பெட்டியின் முகப்பில் 2 முதல் 12 வரை எண் போட்ட ஒரு குமிழ் இருந்தது. அந்தப் பதினொரு எண்களும்தான் அன்றைய முழு வானம். ஒரு சனலுக்கு 7 மெகாஹேர்ட்ஸ் இடம் போகும். ஒரே எண்ணை அருகருகே இருக்கும் இரண்டு கோபுரங்களுக்குக் கொடுத்தால் ஒன்றின் படத்துக்குள் மற்றது கோடு கோடாக ஏறும். ஆகவே எந்தக் கோபுரத்துக்கு எந்த எண் என்பதை யாரோ உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். கொழும்பு தன் கோபுரங்களுக்குத் தீர்மானித்தது, டில்லி தன் கோபுரங்களுக்குத் தீர்மானித்தது. குமிழைத் திருப்பிய விரல் மட்டும் எங்களுடையது.

டில்லிப் பக்கம் திரும்பினதால் எல்லாம் தமிழாக வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். இரவானால் தேசிய ஒளிபரப்பு, அதாவது ஹிந்தி. 1987 ஜனவரியில் தொடங்கி ஒன்றரை வருடம் ஞாயிறு காலைகளில் ஓடிய 'ராமாயண்' ஹிந்தியில்தான் வந்தது. கதை தெரியும் என்பதால் மொழி தெரியாமலே பார்த்தார்கள். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே 1987 யூலையில் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியது, ஒக்டோபரில் யுத்தம் தொடங்கியது. ராமர் வந்த அதே சனலின் செய்தியில் யாழ்ப்பாணமும் வந்தது, டில்லி சொன்னபடி. வாசலில் நடப்பதைப் பற்றி வெளியூர் சனல் சொல்லக் கேட்டிருக்கும் அனுபவம் எங்கள் சனத்துக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அப்படியானால் யாழ்ப்பாணத்துக்குள்ளிருந்தே ஒன்றும் ஒளிபரப்பாகவில்லையா? ஆனது. 1980களின் நடுவில் விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' குடாநாட்டுக்குள் ஒளிபரப்பியது. எந்த அமைச்சும் அதற்கு அலைவரிசை ஒதுக்கவில்லை, அனுமதியும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர் முகங்கள், எங்கள் ஊர்ப் பேச்சு ரிவியில் தெரிந்தன என்பது சின்ன விசயமில்லை. ஆனால் நாங்கள் இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டோம். அது மற்ற இயக்கங்கள் ஒவ்வொன்றாக அடக்கப்பட்ட காலம். ஊருக்கென்று வந்த முதல் சனல் ஒரேயொரு குரலுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. கொழும்பு எங்களைக் கேட்கவில்லை, டில்லி எங்களைக் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. 1987 ஒக்டோபர் 10 அன்று அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது. யுத்தத்தோடு அந்த ஒளிபரப்புக் காலமும் முடிந்தது. 90களில் நிதர்சனம் வானத்தை விட்டு 'ஒளிவீச்சு' வீடியோ சஞ்சிகையாகக் கசற்றில் வந்தது.

1990 யூன் மாதம் மறுபடி யுத்தம். யூலையில் கொக்காவில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. கோபுரமும் போனது. அதோடு தென்கிழக்குத் திசை 20 வருடத்துக்கு மேலாக இருண்டுவிட்டது. அதே கோடையில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டும் நின்றது. சனல் இலக்கங்களைப் பற்றி எழுதும் கட்டுரையில் இந்த ஐந்து வருடத்துக்கு எழுத ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் ரிவி பார்ப்பது நிற்கவில்லை! பெட்டி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, பெற்றோலில் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டி, விடியவிடிய மூன்று நாலு படம் போட்டார்கள். அயலட்டை முழுக்க முற்றத்தில் பாய் விரித்திருக்கும். எந்தப் படத்தைப் போடலாம், போடக் கூடாது என்பதற்கும் தணிக்கை இருந்தது.

அதற்குள் இராமேஸ்வரத்தில் தூரதர்ஷன் ஒரு கோபுரத்தைக் கட்டி முடித்தது. 323 மீற்றர் உயரம். முன்பு போட்ட அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்த உயரத்துக்கும் ஒரு சாதாரண வீட்டு அன்ரனாவுக்கும் சேர்த்து 90 கிலோமீற்றர் போல வருகிறது. அதாவது அடிவானம் சரியாக யாழ்ப்பாண நகரத்தில் வந்து நிற்கிறது. இனி வெக்கையை, காற்றைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கோபுரம் முடிந்த வருடம் 1995. அந்த வருடம் ஒக்டோபர் 30இல்தான் வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் செம்மணியால் நடந்து வெளியேறியது. வரலாற்றிலேயே நல்ல சிக்னல் வந்த வருடத்தில் அதைப் பிடிக்க ஊரில் ஆக்கள் இல்லை.

இனிக் கொழும்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒதுக்கீடு அங்கேதான் நடந்தது. 1990களில் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். இதற்கு இரண்டு வாசல். நிலையம் நடத்தும் அனுமதியை ரூபவாஹினிச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கொடுப்பார். அலைவரிசையை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் ஒதுக்குவார்கள். யாருக்கு, எந்த அளவுகோலில் என்பது வெளியே தெரியாது. 1997இல் ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தச் சபை அரசாங்கத்திலிருந்து சுயாதீனமானதாக இல்லை, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டமூலம் விழுந்தது. ஆனால் அதைவிட நல்லதொன்று அதன் இடத்துக்கு வரவில்லை, பழைய இரண்டு வாசல்களும் அப்படியே இருந்தன.

தமிழுக்கென்று கொழும்பிலிருந்து 1998இல் சக்தி ரிவி வந்தது. ரூபவாஹினி தன் பக்கத்தில் நேத்ராவை நடத்தியது. 2009இல் ஐ.ரி.என் வசந்தம் ரிவியைத் தொடங்கியது. அது எந்த வருடம் என்பதை வாசிக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவை எல்லாம் தமிழ் சனல்கள்தான். ஆனால் இவை யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து பேசுகிற சனல்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலில் யாழ்ப்பாணம் படம் போய்ச் சேர வேண்டிய இடமாக இருந்ததே தவிர, படம் கிளம்புகிற இடமாக இருக்கவில்லை.

2002 பெப்ரவரியில் சமாதான ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு. பாதையோடு டிஷ்ஷும் வந்தது, கேபிளும் வந்தது. அன்ரனா முதல் தடவையாக அடிவானத்தை விட்டு மேலே பார்த்தது. 1993இல் தொடங்கிய சன் ரிவி அதற்குள் பெரிய ஆளாகிவிட்டது. மாலை ஆறரைக்குப் பிறகு வீட்டுக்குப் போனால் சீரியல் முடியும்வரை ஒருவரும் கதைக்க மாட்டினம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. எங்களோடு படித்த பிள்ளைகள் விளையாடும்போது சென்னைத் தமிழ் கதைத்ததும் இதனால்தான். புலிகளும் 2005இல் செய்மதி வழியாக 'தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி'யைத் தொடங்கினார்கள். 2007இல் இன்ரெல்சாற் நிறுவனம் தன் செய்மதியில் அனுமதியில்லாமல் ஒளிபரப்பு நடக்கிறதென்று அறிவித்து அதை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. 80களில் தரையில் நடந்த அதே கதை வானத்தில். டான் ரிவி மாதிரி யாழ்ப்பாணத்தை மையமாக வைத்த சனல்கள் வீட்டுக்குள் வந்தது கேபிள் வழியாக. கோயில் திருவிழா, மரண அறிவித்தல், மாநகரசபைச் சண்டை என்று ஊர்ச் சங்கதிகளை ரிவியில் பார்க்கக் கிடைத்தது அப்போதுதான். தரம் பற்றி நாங்களும் நக்கலடித்திருக்கிறோம். ஆனாலும் மந்துவிலில் குளம் உடைத்தால் அதைச் சன் ரிவி காட்டாது.

கொக்காவில் கோபுரம் 2011 யூன் 6இல் மறுபடி திறந்து வைக்கப்பட்டது. இம்முறை 174 மீற்றர். 21 வருடத்துக்குப் பிறகு தென்கிழக்கு வெளித்தது, ஆனால் அந்தப் பக்கம் திருப்ப கூரைகளில் அன்ரனா அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கரைக்கு அப்பாலும் அந்தக் காலம் முடிகிறது. ஒரு சில கேந்திர இடங்களைத் தவிர மற்ற அனலொக் தரைக் கோபுரங்களை 2022 மார்ச்சோடு மூடுவதாகத் தூரதர்ஷன் அறிவித்தது. இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்து ஒப்பந்தமும் போட்டது. வேலை இழுபட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த டிஜிட்டல் வந்தால் ஒரு சனல் போன இடத்தில் பல சனல் போகலாம். 11 எண் போட்ட குமிழ் இருந்த காலத்தில் "இடமில்லை" என்று சொன்னால் அதில் ஓரளவு உண்மை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தரைச் சனல் கேட்டு நாளைக்கு யாராவது விண்ணப்பம் போட்டால், அமைச்சரின் மேசையில் அதற்கு என்ன காரணம் சொல்லுவார்கள் என்று பார்க்க எங்களுக்கு ஆவலாக இருக்கிறது.