மனுவாகும் உடல்: அமெரிக்க நீரிழிவு இயக்கத்தை முன்வைத்து

நோய் ஆஸ்பத்திரியோடு முடிந்துபோகிற சமாச்சாரமல்ல. யாருடைய வலி அரசின் காதுக்குப் போய்ச் சேருகிறது, யாருடையது வாசலோடு நின்றுவிடுகிறது என்பதில் அதிகாரம் செயல்படுகிறது. நீரிழிவைக் குணமாக்கும் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் நோயாளிகள் அரசிடம் போன வரலாற்றை இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1970இல், முதல் வகை நீரிழிவு கண்ட பிள்ளைகளின் பெற்றோர் ஜுவனைல் டயாபடிஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். இன்சுலின் உயிரைக் காக்கும். கணையத்தில் அழிந்துபோன பீட்டா செல்களைத் திருப்பித் தராது. ஆகவே ‘குணமாக வேண்டும்’ என்ற அவர்களது கோரிக்கை நியாயமானது. 1974இல் நீரிழிவு ஆராய்ச்சிக்கெனத் தனிச்சட்டம் வந்தது. அச்சட்டம் அமைத்த தேசிய ஆணையம் 1975இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தது. மருத்துவரின் பேசுபொருளாக மட்டும் இருந்தவர்கள் பேசுகிறவர்களானார்கள். இது சின்ன விஷயமில்லை.

1999இல் சுமார் நூறு பிள்ளைகள் வாஷிங்டனுக்கு வந்து உறுப்பினர்களை நேரில் சந்தித்தார்கள். தானும் இந்நோயாளியான நடிகை மேரி டைலர் மூர் அவர்களோடு நின்றார். இங்கே குழந்தையின் உடலே மனு. ‘நீயாகத் தேடிக்கொண்டது’ என்று அதனிடம் யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஏழைக்கோ, கறுப்பருக்கோ இந்தச் சலுகை கிடையாது. ‘கண்டதையும் தின்னா வராம என்ன செய்யும்?’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். குற்றமற்ற உடல், குற்றமுள்ள உடல் என்கிற இந்தப் பாகுபாட்டை நோய் உண்டாக்கவில்லை, சமூகம் உண்டாக்கியது.

1997ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தில் இது பதிவாகியிருக்கிறது. முதல் வகை நீரிழிவு ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர். பூர்வகுடிகளிடையே நீரிழிவுத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் இன்னொரு 3 கோடி. இரண்டும் 2004இல் 15 கோடியாக உயர்ந்தன. தொகை சமம். ஆனால் ஒருவருக்குக் குணமாகும் எதிர்காலம், மற்றவருக்குத் தடுப்பும் கட்டுப்பாடும். அரிசோனாவின் பிமா மக்களை 1965 முதல் அரசு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலேயிருந்த குடியேறிகள் ஹீலா ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டதால்தான் அவர்களது விவசாயம் அழிந்தது. ரத்தப் பரிசோதனையில் அந்த ஆறு தெரியாது. இன்னொன்று: இந்த இரண்டு 3 கோடியும், ஏழைக் குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டுக்காக அதே சட்டம் ஒதுக்கிய பணத்திலிருந்து எடுக்கப்பட்டவை!

‘அப்படின்னா ஆராய்ச்சிக்குப் பணம் கேக்கறது தப்பா?’ தப்பில்லை. நாளை வரப்போகும் குணத்தைக் கேட்கிற குரல், இன்றைய மருந்தின் விலையைக் கேட்க மறந்தால் என்னாகும் என்பதே கேள்வி. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். நூறாண்டு கழித்து அமெரிக்காவில் காசில்லாமல் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டு செத்தவர்கள் உண்டு. 2022ஆம் ஆண்டுச் சட்டம் மாதத்துக்கு 35 டாலர் என்று வரம்பு கட்டியது. அதுவும் முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான மெடிகேர் திட்டத்தில் இருப்போருக்கு மட்டும்.

மனு எழுதும்போது அரசு கேட்க விரும்பும் குரலையே நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஆராய்ச்சிக்கூடம், மருந்தின் விலை, பறிபோன ஆறு மூன்றும் ஒரே மனுவில் எழுதப்பட வேண்டியவை. அழகான முகங்களை மட்டும் முன்வரிசையில் நிறுத்துகிற இயக்கம், பின்வரிசையில் நிற்பவர்களை அரசுக்கு முன்பே தானே விலக்கிவிடுகிறது.