தலைநகரின் புகையும் பேருந்தின் கதையும்

யமுனைக் கரையில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதத்துப் புகைமூட்டம் புதியதன்று. வயலில் மூட்டும் தீ, சாலைப் புழுதி எனக் காரணங்கள் பல உளவாயினும், ஆண்டு முழுதும் நம் வாயிலருகே நின்று புகைப்பது வாகனமே. இத்தீங்கைக் களையத் தலைநகர் முன்னொரு முறை முயன்ற வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம்.

1985-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இதுபற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு பல்லாண்டு நடைபெற்றது. பூரேலால் குழுவின் பரிந்துரையை ஏற்று, 1998 ஜூலை 28-இல் நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நகரப் பேருந்துகளின் தொகையை 10,000 ஆக உயர்த்த வேண்டும். 2001 மார்ச் 31-க்குள் அவை யாவும் டீசலை விடுத்து, சி.என்.ஜி. எனப்படும் அழுத்தமேற்றிய இயற்கை வாயுவில் ஓடவேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். டீசல் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. மீத்தேன் மிகுந்த இயற்கை வாயுவோ அத்துகளை மிகச் சிறிதே உண்டாக்கும்.

ஆணையிடுதல் எளிது, நிறைவேற்றல் அரிது. கெடு வந்தபோது போதிய வண்டிகளும் இல்லை. வாயு நிரப்பும் நிலையங்களும் போதவில்லை. 2001 ஏப்ரலில் அலுவலகம் செல்வோர் நிறுத்தங்களில் காத்துக் கிடந்தனர். ஆட்டோ ஓட்டுநர்கள் வாயு நிலையங்களின் முன் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வருவாயை இழந்தனர். கெடு தளர்த்தப்பட்டது, எனினும் கைவிடப்படவில்லை. 2002 ஏப்ரலில் டீசல் பேருந்துகளுக்கு நாள்தோறும் அபராதம் விதித்தது நீதிமன்றம். அவ்வாண்டின் இறுதிக்குள் நகரின் டீசல் பேருந்துகள் விடைபெற்றன. டிசம்பர் 24-இல் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே மெட்ரோ ரயிலும் தொடங்கப்பெற்றது.

பெற்ற பயன் ஏன் நிலைக்கவில்லை? பேருந்துகள் தூய்மையாயின, ஆனால் நாம் பேருந்தை விட்டு இறங்கிச் சொந்தக் காரில் ஏறிக்கொண்டோம். ஏழை எளியோர் வரிசையில் நின்று தேடித் தந்த நற்காற்றை, வசதி பெற்றோர் செலவழித்தோம் என்பதே உண்மை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 தரமுள்ள எஞ்சின்கள் நாடெங்கும் கட்டாயமாயின. ஒவ்வொரு வண்டியின் புகை குறைந்தாலும், வண்டிகள் பெருகினால் பயன் கரையும்.

வாகனப் புகை பெருஞ்சாலையை ஒட்டிய இடங்களிலேயே மிகுதி. விலக விலகக் குறையும். ஆதலின் குழந்தைகளை உட்தெரு வழியே பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். பள்ளி வாயிலிலும், விழா மண்டபத்தின் முன்னும் காத்திருக்கையில் எஞ்சினை நிறுத்துவோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு இயன்றவர் மெட்ரோவிலும் பேருந்திலும் வந்து சேருவோம். நீதிமன்றம் பேருந்தை மாற்றிற்று. நம் வழக்கத்தை நாமேதான் மாற்றவேண்டும்.