நாள் சொன்ன படுக்கை விரிப்பு

போட்டோ ஸ்டுடியோவில் பின்னால் தொங்குகிற திரை எத்தனை அடி இருக்க வேண்டும்?

தொழில்காரர்களைக் கேட்டால் டக்கென்று கணக்குச் சொல்வார்கள். ஒற்றை ஆளின் மார்பளவு படத்துக்கு ஐந்தடி அகலம் தாராளம். தலை முதல் கால் வரை வேண்டுமா? ஒன்பதடி. தரையிலும் கொஞ்சம் வழிந்து கிடக்க வேண்டும். மொத்தக் குடும்பமும் வந்து நின்றால் அதுவும் பத்தாது. இன்னொரு சிக்கல்... ஆள் திரையை விட்டு முன்னால் தள்ளி வர வர, அவருக்குப் பின்னால் கேமராவில் விழுகிற பரப்பு அகலமாகிக்கொண்டே போகும். அதற்கும் சேர்த்துத் துணி எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் ஒருத்தர் 1948-ல் ஸ்டுடியோ திறந்தார். ஊர், மேற்கு ஆப்பிரிக்காவின் பமாகோ. இன்று மாலி நாட்டின் தலைநகர். அன்றைக்கு பிரெஞ்சுக்காரர்களின் காலனி. அவர் பெயர் சேடூ கெய்ட்டா. கற்றுக்கொண்ட தொழில் தச்சு வேலை!

பின்திரைக்கு என்ன செய்தார்? தன் படுக்கை விரிப்பை எடுத்துச் சுவரில் தொங்கவிட்டார். ஓரத்தில் குஞ்சலம் வைத்த விரிப்பு. ஸ்டுடியோ என்பது வெயில் விழுகிற முற்றம்தான்.

ஒருவர் உட்கார்ந்தால் விரிப்பு கச்சிதம். இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் சமாளிக்கலாம். கூட்டம் சேர்ந்தால்? விரிப்பு முடிந்து சுவர் எட்டிப் பார்க்கும். காலுக்குக் கீழே மண் தரை தெரியும். கெய்ட்டா அலட்டிக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கு கோட்டு, கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் அவரே கொடுப்பார். ஸ்கூட்டர்கூட உண்டு. பிலிம் விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் ஒருத்தருக்கு ஒரே 'கிளிக்'!

1960-ல் மாலி சுதந்திரம் அடைந்தது. சில வருஷங்களில் அரசாங்கம் அவரைத் தன் போட்டோகிராபராக எடுத்துக்கொள்ள, ஸ்டுடியோ மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் பெட்டிக்குள் போயின.

1991-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி. கெய்ட்டாவின் படங்கள் அசத்தின. ஆனால், எடுத்தவர் பெயர் போட வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்றுதான் இருந்தது! அதன்பிறகுதான் பமாகோவுக்கே போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1994-ல் பாரீஸில் அவருக்கென்றே தனிக் கண்காட்சி. 2001-ல் இறந்தபோது உலகம் அறிந்த கலைஞர்.

சரி, எந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது? அதற்குக் கைகொடுத்தது அதே பின்திரைதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவது கெய்ட்டாவின் வழக்கம். குஞ்சலம் தெரிந்தால் ஆரம்ப காலம். பூவேலை, இலைவேலை என்று டிசைன் மாறினால் அடுத்தடுத்த வருஷங்கள். படத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவர் பின்னால் தொங்கும் துணி காலத்தைச் சொல்லிவிடும்.

பின்னால் இருப்பதை மறைக்கத்தான் திரை. கெய்ட்டாவின் விரிப்பு அந்த வேலையைப் பாதிதான் செய்தது. அளவு பத்தவில்லை. அதனால்தான் இரவல் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அவர்கள் வாழ்ந்த பமாகோவின் சுவரும் மண்ணும் பதிவாகியிருக்கின்றன. பத்தடித் திரை வாங்கியிருந்தால் இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்?