'தாயகம் திரும்பியோர்': சொல்லும் வரலாறும்

மைசூரிலிருந்து குண்டலுபேட்டை வழியாகப் பந்திப்பூர்க் காட்டைக் கடக்கும் பெருவழி, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரைச் சென்றடைகிறது. அப்பகுதியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழரும் அவர்தம் வழியினரும் வாழ்கின்றனர். அரசு ஆவணங்களில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஊரார் வழக்கில் 'சிலோன்காரர்'. இவ்விரு பெயர்களுள் உண்மைக்கு அணித்தானது எது என்பது ஆராயத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழிவந்தவர் இம்மக்கள். இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர்.

குடியுரிமை கோருவோர் தாமே விண்ணப்பித்தல் வேண்டும் என்பது நடைமுறை. ஆதலின் இதனை விருப்பப் பெயர்ச்சி எனக் கொள்வாருமுளர். அது பொருந்துவதன்று. இலங்கை ஒதுக்கிய 3,00,000 இடங்களுக்கு அதனினும் இருமடங்கிற்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். எழுவர் இந்தியாவிற்கு எனின் நால்வர்க்கே இலங்கைக் குடியுரிமை என்பது விகிதம். ஒருவர் இருப்பது மற்றொருவர் போவதைச் சார்ந்ததாயிற்று. 1973-74 இல் தோட்டங்களை வாட்டிய பட்டினியும் 1977 இன் கலவரமும் பலரைப் புறப்படத் தூண்டின. உறவினரை நாடி மனமுவந்து வந்தோரும் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். முன்னாளில் இலங்கைக்குச் சென்ற தொழிலாளரை நோய்த் தடுப்பிற்காக நிறுத்திவைத்த இடமும் இம்மண்டபமே. பாட்டனார் போன வாயிலில் பேரன் நுழைந்தான். ஆயினும் அவன் பிறந்த மண் இலங்கை. காணாத நாட்டிற்குத் 'திரும்புதல்' என்னும் சொல் எங்ஙனம் பொருந்தும்?

மறுவாழ்வுக்கெனத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. கருநாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் இரப்பர்த் தோட்டங்களில் சிலர் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வணிகக் கடனே. கொழுந்து பறித்த கைகளுக்குக் கடை நடத்தும் பழக்கமில்லை. முதலை இழந்தோர் பலர் கூலி வேலை தேடி மலையேறினர்.

1984 இல் கப்பல் போக்குவரத்து நின்றது. இலங்கையில் தங்கிவிட்ட நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அதற்குள் கூடலூரில் இரண்டாம் தலைமுறை கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.